கப்பலேறிய கார்

‘மானம் கப்பலேறிவிட்டது’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் கப்பலேறியது மானம் அன்று; ஒரு பழைய மாருதி 800. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

என் தந்தையார் இருபத்தாறு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போவார். திரும்பி வரும்போதெல்லாம், “அங்க ஜங்கார்னு ஒண்ணு இருக்குது கண்ணு. காரு, லாரி எல்லாத்தையும் அப்படியே சுமந்துட்டுப் போயி அக்கரையில விட்டுருமாமா. ஒரு நாளைக்கு உங்களக் கூட்டிட்டுப் போறேன்” என்பார். சுமை இறக்கும் இடம் வேறு வழியில் இருந்ததால் அவரும் அதில் ஏறியதில்லை. அந்த ‘ஒரு நாள்’ வராமலே நாங்கள் வளர்ந்துவிட்டோம்.

லாரியை விட்ட பின், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கவென்று அந்த மாருதியை வாங்கினார். 2024ஆம் ஆண்டு, தங்கையைச் செவிலியர் படிப்பில் சேர்ப்பதற்காக ஜூன் மாதம் அதை விற்றுவிடுவது என்று வீட்டில் முடிவாயிற்று. அப்பா மறுப்பேதும் சொல்லவில்லை. அன்று மாலை வண்டியை இரண்டு முறை கழுவினார். அதைப் பார்த்த நான், “மே மாசத்துக்குள்ள ஜங்காருக்குப் போயிட்டு வந்தரலாங்கப்பா” என்றேன். அம்மா கையில் 4,000 ரூபாய் இருந்தது. அதற்கு மேல் ஒரு காசும் கிடையாது. திட்டம் தீட்டும் பொறுப்பு, பொருளியல் மாணவியாகிய என் தலையில் விழுந்தது.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு, திருச்சூர், கொடுங்கல்லூர் வழியாக வைப்பின் தீவின் தென்முனைக்குப் போய்விடலாம். எதிர்க்கரை போர்ட் கொச்சி. கண்ணுக்குத் தெரியும் தூரந்தான். 2004இல் திறக்கப்பட்ட கோஸ்ரீ பாலங்கள் வழியே எர்ணாகுளம் நகரைச் சுற்றிப் போனால் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். நீர்வழியே போனால் சில நிமிடம். காருக்கான கட்டணமோ ஒரு லிட்டர் பெட்ரோல் விலையைவிடக் குறைவு. பெட்ரோலுக்கு 2,700, அறைக்கு 800, தேநீர் சிற்றுண்டிக்கு 300, ஜங்காருக்கு 100, எதிர்பாராச் செலவுக்கு 100 என்று எழுதிக் கூட்டினேன். சரியாக 4,000! கட்டுச்சோறு அம்மாவின் பொறுப்பு.

இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்சின் கலேவுக்கும் இடையே கப்பலில் கார் கொண்டுபோவோர், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு முன்கூட்டியே சீட்டு வாங்குவார்களாம். நாளையும் நேரத்தையும் வண்டியின் அளவையும் பொறுத்து அங்கே கட்டணம் மாறும். நமக்கு அந்தக் கவலை இல்லை. வரிசையில் நின்றால் போதும் என்று மகிழ்ந்தேன். அந்த வரிசைதான் என் கணக்கின் ஓட்டை என்பது அப்போது தெரியவில்லை.

அம்மாவுக்கு வேறு அச்சம். 2015 ஆகஸ்டு 26 அன்று அதே துறையில் பயணிகள் படகின்மீது மீன்பிடிப் படகு மோதி, 11 பேர் மாண்ட செய்தியை அவர் மறக்கவில்லை. “ஏனுங்க, பாலம் இருக்கறப்ப தண்ணியில எதுக்குங்க?” என்றார். அதற்குப் பின், 2018இல், கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய ‘சேது சாகர்’ என்னும் புதிய கலங்கள் அங்கே வந்திருப்பதை எடுத்துச் சொன்னேன். பாரந்தூக்கி இல்லாமல், வண்டிகள் தம் சக்கரத்திலேயே உருண்டு ஏறி உருண்டு இறங்கும் ‘ரோ-ரோ’ வகை அவை என்றும் விளக்கினேன். அம்மா அரை மனத்தோடு தலையசைத்தார்.

விடியுமுன் புறப்பட்டோம். வைப்பினை அடைந்தபோது நடுப்பகல். எங்களுக்கு முன்னே கார்களும் ஆட்டோக்களும் நீளமாக நின்றன. ஒரு நடை போயிற்று, இரண்டாவதும் போயிற்று. வெயில் கொளுத்தியது. “இந்நேரம் பாலத்துல போயி ரெண்டு தடவ வந்திருக்கலாம்” என்றாள் தங்கை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பணத்தைக் கணக்கிட்ட நான் நேரத்தைக் கணக்கிடவில்லையே! “திரும்பிரலாங்கப்பா” என்றேன்.

அப்பா சிரித்தார். “லாரிக்காரனுக்குக் காத்திருக்கறது ஒரு வேலையா கண்ணு?” என்று தொடங்கியவர், வாளையாறு சோதனைச் சாவடியில் கழிந்த இரவுகளையும், நான் பிறந்த செய்தி திருச்சூர்ச் சந்தையில் கிடைத்ததையும், இறக்காத சுமையை விட்டுவிட்டு ஓடிவர முடியாமல் வண்டிக்கடியில் படுத்து அழுததையும் சொன்னார். இருபது ஆண்டுகளாக நான் அறியாத தந்தையை அந்த ஒரு மணி நேர வரிசையில் அறிந்தேன். கட்டுச்சோற்றை அங்கேயே பிரித்தோம்.

எங்கள் முறை வந்தது. ஊழியர் கையசைக்க, மாருதி மெல்லக் கலத்தில் ஏறியது. அம்மா இறங்கிக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்பா மட்டும் இருக்கையைவிட்டு இறங்கவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கின்மேல் கைவைத்தபடி அமர்ந்திருந்தார். தூரத்தில் சீன வலைகள் எழுந்து தாழ்ந்தன. “என்னங்கப்பா?” என்றேன்.

“நான் ஓட்டாமயே என் வண்டி போகுது கண்ணு. இன்னிக்குத்தான் நானும் பிரயாணி.”

அவ்வளவுதான். சில நிமிடங்களில் அக்கரை வந்துவிட்டது. வாஸ்கோ ட காமாவை 1524இல் முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயத்தையும், மாலைக் கடலையும் கண்டோம். மறுநாள் காலை, வரிசை சிறிதாக இருக்கும் நேரம் பார்த்து அதே வழியில் திரும்பினோம். இம்முறை அம்மா கம்பியைப் பிடிக்கவில்லை. அப்பாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

ஜூனில் கார் போயிற்று. தங்கை இன்று இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அப்பா வாடகைக்குப் பிறர் வண்டி ஓட்டுகிறார். என் நோட்டுப் புத்தகத்தில் அந்த 4,000 ரூபாய்க் கணக்கு இன்னும் இருக்கிறது. பக்கத்தில் ஜங்கார்ச் சீட்டை ஒட்டி வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, விடுமுறைக்குத் திட்டமிடும்போது பணத்தோடு நேரத்தையும் கணக்கிடுங்கள். ஆனால், அந்தக் கணக்கு தவறி எங்கேனும் வரிசையில் நிற்க நேர்ந்தால் வருந்தாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். அவர் உங்கள் தந்தையாகவே இருந்தாலும்.