சொல்லும் அமானிதமே

கல்லூரிச் செயல்திட்டத்திற்காகப் பத்தமடைக் கோரைப்பாய் நெசவைப் பற்றி 5 நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரித்தோம். கேமராவும் முக்காலியும் வாடகைக்கு எடுத்தவை. ஒலிப்பதிவில் இரைச்சல் விழும் என்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னோம். தறியின் முன்னிருந்த மூதாட்டி வியர்வையைப் பொறுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்.

“கூலி கட்டுப்படியாகவில்லைதான். ஆனாலும் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது இந்தப் பாய்தான்” என்றார். படத்தொகுப்பின்போது முதல் வாக்கியத்தோடு வெட்டி, சோக இசையைச் சேர்த்தோம். நெஞ்சைத் தொடுவதாகத் தோன்றியது.

சமர்ப்பிக்கும் முன் அவரிடம் காட்டினோம். “மீதி எங்கே வாப்பா?” என்று மட்டும் கேட்டார்.

தலைகுனிந்தோம். அவர் சொல்லாத ஒன்றையும் நாங்கள் சேர்க்கவில்லை. சொன்னதை நீக்கியே பொய்யாக்கியிருந்தோம். வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. கேட்பவருக்கே அக்கடமை என்றால், செய்தியை வெட்டி ஒட்டுபவரின் பொறுப்பு எத்துணைப் பெரிது!

இசையை நீக்கினோம். ஆற்றங்கரைக் காட்சியைக் குறைத்து, அவருடைய சொல்லை முழுமையாக வைத்தோம். பிறர் நம்மை நம்பிப் பேசிய சொல் அமானிதம். அதைக் குறையாமல் ஒப்படைக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!