கலோரிக் கணக்கும் களைத்த மனமும்

உடல் எடையைக் குறைக்கும்படி வைத்தியர் கண்டிப்பாகக் கூறி ஐந்து மாதங்களாகின்றன. இரத்தத்தில் சீனியின் அளவு எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்கிறது. என் தந்தையார் நீரிழிவினாற் கண்பார்வையை இழந்தவர். ஆகவே இதனை விளையாட்டாகக் கொள்ள முடியவில்லை. உண்பவை யாவற்றையும் கைத்தொலைபேசியிற் பதியத் தொடங்கினேன். கால் றாத்தல் பாண் என்றால் ஏறக்குறைய 300 கலோரி. முப்பது ஆண்டுகளாகச் செய்திகளில் வரும் எண்களைச் சரிபார்த்துப் பழகியவனுக்கு இது கடினமான வேலையாகத் தோன்றவில்லை.

நான்காவது வாரத்தில் வந்தது பசியன்று, அயர்ச்சி. எடை குறைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மாலையில் ஆசிரியர் தலையங்கம் எழுத அமர்ந்தால், பாதி வாக்கியத்தில் மதியம் உண்ட சோதியின் தேங்காய்ப்பால் நினைவுக்கு வரும். இரவுக்கு எவ்வளவு மிச்சம் என்று மனம் கழித்துப் பார்க்கும். எவரேனும் தேநீருக்கு அழைத்தாலும் முதலிற் கணக்கு, பிறகுதான் மனிதர்.

யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது அக்கா ஒடியற் கூழ் காய்ச்சினார். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில். எவருடைய பிளாவில் எத்தனை இறால் விழும் என்பதை எந்தச் செயலியால் அறிய முடியும்? ஒடியல் மா எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டேன். "எத்தினை கிராம் எண்டு எனக்கென்ன தெரியும் தம்பி? பிளாவை நீட்டு" என்றார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இருந்ததைப் பகிர்ந்து வீட்டைக் காப்பாற்றியவர் அவர். அவரிடம் கிராம் கணக்குக் கேட்பது எனக்கே விசித்திரமாக இருந்தது.

இந்தக் கணக்கின் அடிப்படையையும் சற்றுப் பார்க்கவேண்டும். மாப்பொருளுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்பன, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க இரசாயனவியலாளர் வில்பர் அட்வாட்டர் மேற்கொண்ட ஆய்வுகளின் வழிவந்த சராசரிகள். சராசரியைக் கொண்டு கடைசி ஒற்றைக் கலோரிவரை துரத்துவது, கூட்டத்துக்கு வந்தோர் "சுமார் ஆயிரம் பேர்" என்று கேள்விப்பட்டு 1,003 என அச்சிடுவதற்கு ஒப்பானது.

1944ஆம் ஆண்டு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் தொடங்கிய ஆய்வொன்றில், 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்களிற் பலருக்கு உணவே முழுச் சிந்தனையாயிற்று. சமையல் நூல்களைத் தேடி வாசித்தோரும் உண்டு. என் நிலையை அதனோடு ஒப்பிடுவது மிகை. அவர்களுடையது உடற்பசி. எனினும் எதனைக் கட்டுப்படுத்துகிறோமோ அதுவே மனத்தை ஆக்கிரமிக்கும் என்பதை அங்கே கண்டுகொண்டேன்.

இப்போது வார நாட்களிற் காலையுணவும் மதியவுணவும் மாறாதவை. ஒருமுறை அளந்தாயிற்று, மறுபடி யோசிக்க வேண்டியதில்லை. இரவுணவு கண்மட்டம். ஞாயிறன்று எதுவும் பதிவதில்லை. தராசில் ஏறுவது வாரத்துக்கு ஒரு தடவை. தலையங்கங்கள் மீண்டும் ஒரே அமர்வில் முடிகின்றன.

சென்ற மாதம் முக்கால் கிலோ குறைந்தது. முந்திய வேகத்திற் பாதிதான். வைத்தியர் சற்று முகம் சுளித்தார். அடுத்த மாதம் இரத்தப் பரிசோதனை. அதன் பெறுபேற்றைப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று கூறியிருக்கிறார்.