டைமண்ட் கார்டனில் இறங்கிக்கொண்டவள்

செம்பூர், மும்பை
ஞாயிறு இரவு

அன்புள்ள தோழிக்கு,

இன்று காலை செம்பூரிலிருந்து மாட்டுங்கா வரை தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. பின் சீட்டிலும் இல்லை. அக்காவிடம் சொன்னேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட நேரமாச்சு என்று தலையை நிமிர்த்திக்கொண்டாள். கல்யாணம் ஆகி இங்கே வந்த நாளிலிருந்து ஓட்டுகிறவள், அவளுக்கு இது ஒரு சேதியே இல்லை. இவ்வளவு பெரிய ஊரில் இதைக் கேட்டு மகிழ எனக்கு ஆள் கிடையாது. அதனால்தான் படுக்கப் போகாமல் உனக்கு எழுதுகிறேன். நாம் ரெண்டு பேரும் சேர்ந்துதானே எல்.எல்.ஆர். எடுத்தோம்? லைசென்ஸ் வந்த பிறகு சேர்ந்துதானே ஓட்டாமல் இருந்தோம்?

எப்படி இது நடந்தது என்று சொல்கிறேன். அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதால் கொஞ்ச நாள் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தான் வேலை விஷயமாக வெளியூரில். கண் டாக்டர் இருப்பது மாட்டுங்காவில். செம்பூரில் தெருவுக்குத் தெரு ஆட்டோ நிற்கும், ஆனால் எல்லாம் சயானோடு சரி. அதற்கு அந்தப் பக்கம் பழைய பம்பாய்க்குள் ஆட்டோ போக அனுமதி கிடையாது. இறங்கி, வெயிலில் நின்று, கறுப்பு மஞ்சள் டாக்ஸி பிடிக்க வேண்டும். கண்ணில் கறுப்புக் கண்ணாடி மாட்டிய மனுஷியை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு டாக்ஸிக்குக் கை காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. கீழே அவள் கார் சும்மா நிற்கிறது. "ஒனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுநாளே யாரிடமோ சொல்லி ஒரு பெண்ணை வரவழைத்துவிட்டாள்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், பூர்வீகம் பாலக்காடு. தமிழும் இந்தியும் ஒரே மூச்சில் வருகிறது. "டென்ஷன் எடுத்துக்காதீங்க ஆன்ட்டி" என்பாள். லைசென்ஸ் இருந்தும் ஓட்டாதவர்களை ஓட்ட வைப்பதுதான் அவள் தொழில். பெரும்பாலும் நம் வயதுப் பெண்களாம். முதல் நாள் அவள் சாவியைத் தொடவே விடவில்லை. காரில் உட்கார்ந்தபடியே மூன்று கேள்வி கேட்டாள். லைசென்ஸ் எப்போது எடுத்தீர்கள், கடைசியாக எப்போது ஓட்டினீர்கள், கற்றுக்கொள்ளும்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கால் எங்கே இருந்தது?

கடைசிக் கேள்வி எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நம் ஊர் மணிமேடை ஜங்ஷனில் நாம் எவ்வளவு அழகாக வண்டியை நிறுத்தினோம்! நிறுத்தியது நாம் இல்லை. நம் கால் பிரேக்கைத் தேடுவதற்கு முன்னாலேயே அவர் கால் மிதித்துவிடும். நம் கால் கிளட்சைச் சட்டென்று விடும்போது அவர் கால் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நமக்கு வண்டி ஆஃப் ஆகவே இல்லை. டெஸ்ட்டும் அதே காரில்தான், அதே ஆள் பக்கத்தில் இருக்கத்தான் நடந்தது.

"அந்தக் காரை நீங்க பாதி ஓட்டினீங்க, அவர் பாதி ஓட்டினார். லைசென்ஸ் மட்டும் முழுசா உங்களுக்குக் கொடுத்துட்டாங்க. தனியா உட்கார்ந்தா பயம் வராம என்ன செய்யும்?" என்றாள்.

இதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? இத்தனை காலமும் நான் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரர் உன்னைச் சொல்வதும் அதுதானே, "அவளுக்குத் தைரியம் பத்தாது" என்று. தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நம் உடம்புக்கு உண்மை தெரிந்திருக்கிறது, பாதி வேலை இன்னும் கைக்கு வரவில்லை என்று. அதைத்தான் அது பயமாகச் சொல்கிறது. கணக்கைப் பார். நம் விதிப்படி கார் பயிற்சி 21 நாள், அதில் வண்டி ஓட்டுவது குறைந்தது 10 மணி நேரம். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆனால் டெஸ்ட்டுக்குப் போகலாம். சிட்னியில் இருக்கும் என் தம்பி மகள் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போகும் முன் 120 மணி நேரம் ஓட்டியதாக லாக் புத்தகத்தில் எழுதிக் காட்டினாள், அதில் 20 மணி நேரம் ராத்திரியில். அங்கே 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுதான் சட்டம். அதற்குப் பிறகும் காரில் பி என்று அட்டை மாட்டி வருஷக்கணக்கில் ஓட்ட வேண்டும். நம்மைப் 10 மணி நேரத்தில் ரோட்டில் விட்டுவிட்டு, பயப்படுகிறார்கள் என்று பேசுவது அநியாயம் இல்லையா? எனக்குக் கோபமே வருகிறது.

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த முறையைக் கேள். காலையில் வெளிச்சம் வரும் நேரத்தில் சென்ட்ரல் அவென்யூவுக்குப் போவோம். மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்த அகலமான தெரு, இந்தப் பேட்டையிலேயே எனக்குப் பிடித்த இடம். அங்கே ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்தச் சொல்வாள். ஒரு இடத்தில் வண்டி லேசாக அதிரும், மூக்கு கொஞ்சம் தூக்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அந்த இடத்தைக் கால் தானாகக் கண்டுபிடிக்கும் வரைக்கும் வேறு எதுவும் கிடையாது. பிறகு ஏற்றம். ஹேண்ட்பிரேக்கைப் போடு, ஹாஃப் கிளட்சுக்கு வா, அதிர்வு தெரிந்ததும் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஹேண்ட்பிரேக்கை விடு. வண்டி ஒரு விரற்கடை கூடப் பின்னால் போகாது. நம் ஸ்கூலில் இதை ஒரே ஒரு தடவை காட்டிவிட்டு "தெரிஞ்சிச்சா?" என்று கேட்டதோடு முடித்தார்கள்.

அடுத்தது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஓட்டும்போது பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "முன்னாடி பஸ், பிரேக் லைட் எரியுது. இடது பக்கம் ஸ்கூட்டர். நிக்கிற காருக்குள்ள ஆள் இருக்கு, கதவு திறக்கலாம். சிக்னல் ரொம்ப நேரமாப் பச்சை, மாறும்." இங்கிலாந்து போலீஸ் டிரைவர்களுக்கு இந்த முறையில் பயிற்சி கொடுப்பார்களாம். இரண்டு தெரு தாண்டியதும் அதன் அருமை புரிந்தது. நாக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தால் மனசுக்குள் "இடிச்சிருவோமோ" என்று சொல்ல இடம் இருப்பதில்லை. அதைவிட முக்கியம், அடுத்து என்ன நடக்கும் என்று பார்ப்பது என் வேலை ஆகிவிட்டது. ஸ்கூல் காரில் அது அவர் வேலையாக இருந்தது. நம் வீட்டு ஆம்பிளைகள் பக்கத்தில் உட்கார்ந்தால் அது அவர்கள் வேலையாகிவிடுகிறது. "பாத்து, பாத்து, லெஃப்ட்ல வரான், பிரேக், பிரேக்." பாசத்தில்தான் சொல்கிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பார்த்துச் சொல்லும் வரைக்கும் நம் கண் பார்க்கக் கற்றுக்கொள்ளாது. தனியாக ஓட்டப் பயப்படுகிறவளுக்கு இப்படிப் பேசிக்கொண்டே வரும் துணை பயத்தை வளர்க்கத்தான் உதவும் என்று நான் இப்போது உறுதியாக நம்புகிறேன்.

அந்தப் பெண் துணையாக இருந்ததும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. முதலில் பேசுவதை நிறுத்தினாள். பிறகு பின் சீட்டுக்குப் போனாள். ஒரு நாள் டைமண்ட் கார்டன் பக்கம், மெட்ரோ தூண்களுக்குக் கீழே ஓரமாக நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கிக்கொண்டாள். "ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து என்னை ஏத்திக்கோங்க ஆன்ட்டி. நான் சாய் குடிக்கிறேன்." போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு நடந்தே போய்விட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹார்ன் அடிக்கிறார். அங்கேயே நிற்கவும் முடியாது, இறங்கி ஓடவும் முடியாது. "முன்னாடி யாரும் இல்லை, கண்ணாடில ஆட்டோ, வழி விடுறார்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எடுத்தேன். காலியான காரில் என் குரல் எவ்வளவு பெரிதாகக் கேட்டது! சுற்றி வந்தபோது அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன இடத்தில் நின்றாள். பாராட்டவே இல்லை. "இன்னொண்ணு" என்று விரலைக் காட்டினாள்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் இப்படித்தான் என்று படித்திருக்கிறேன். ஒரு நாள் ஆசிரியர் இறங்கிக்கொண்டு மாணவனைத் தனியாக மேலே அனுப்புவார். ஜே.ஆர்.டி. டாடாவும் அப்படி ஒரு நாளைக் கடந்துதானே 1929-ல் இந்தியாவின் முதல் பைலட் லைசென்ஸை வாங்கியிருப்பார்? அவருடைய அம்மா சூஸான் டாடாதான் இந்தியாவில் கார் ஓட்டிய முதல் பெண் என்று சொல்கிறார்கள், அதுவும் இதே பம்பாயில், 1905-ல். ஊரே நின்று பார்த்திருக்கும். நம் ஊரில் 1993-ல் அரசு பஸ் ஓட்ட வந்த வசந்தகுமாரியைப் பார்க்க ஜனங்கள் கூடினார்களே, அது போல. ஆசியாவின் முதல் பெண் பஸ் டிரைவர் என்று பத்திரிகைகள் எழுதின. நீயும் நானும் அந்த அம்மாள் ஓட்டிய பஸ்ஸைக் கண்டு வாய் பிளந்திருக்கிறோம். அவர்களுக்குப் பிறவியிலேயே பயம் கிடையாது என்றுதான் அப்போது பேசிக்கொண்டோம். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர்கள் கையில் மணிக்கணக்காக ஸ்டியரிங் இருந்திருக்கிறது, பக்கத்தில் வேறு யாருடைய காலும் இல்லாமல்.

ஹார்னைப் பற்றிச் சொல்லாமல் மும்பையைப் பற்றி எழுத முடியாது. சிவப்பு விளக்கில் நிற்கும்போதே அடிக்கிறார்கள்! இந்த ஊர்ப் போலீஸ் முன்பு சில ஜங்ஷன்களில் ஒரு சோதனை செய்தது. ஹார்ன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதை ஊர் முழுக்க வைத்தால் நான் கும்பிடுவேன். புதிதாக ஓட்டுகிறவளுக்கு ஒவ்வொரு ஹார்னும் தன்னைத் திட்டுவதாகவே படும், பதறிப்போய்க் கிளட்சை விட்டுவிடுவாள். "பின்னாடி அடிக்கிறவனுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டாம் ஆன்ட்டி, முன்னாடி இருக்கிறதை மட்டும் பாருங்க" என்று அந்தப் பெண் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று போனேன். முன்னால் இடைவெளி விட்டால் உடனே ஒரு ஆட்டோ நுழையும். நுழையட்டும், மறுபடியும் இடைவெளி விடு. இரண்டு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்வோம், அவ்வளவுதான்.

செம்பூர் நாக்கா, சுமன் நகர், பிரியதர்ஷினி, சயான் என்று ஒவ்வொன்றாகத் தாண்டினேன். பாலம் ஏறும்போது வண்டிகள் தேங்கி, நடு ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தது. பின்னால் ஒட்டினாற்போல ஒரு பெரிய வேன். ஹேண்ட்பிரேக், அதிர்வு, விடு. வண்டி முன்னால்தான் போனது. சயானைத் தாண்டினதும் ஆட்டோக்கள் எல்லாம் காணாமல் போய், ரோடு திடீரென்று அகலமாகிவிட்டது மாதிரி இருந்தது. ஆட்டோவை விடாத அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு இருந்த வருத்தமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது!

கிங்ஸ் சர்க்கிளில் நிறுத்த இடமே இல்லை. ஃபைவ் கார்டன்ஸ் வரை போய் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு ஊரே வரிசையில் நிற்கிறது. தனியாக உட்கார்ந்து இட்லியும் காபியும் சாப்பிட்டேன். சாம்பாரில் இந்தப் பக்கத்து ஹோட்டல்களில் வெல்லம் போடுகிறார்கள், எத்தனை தடவை வந்தாலும் என் நாக்கு அதற்கு இணங்காது. அக்காவுக்குப் பூ வாங்கினேன். நம் பக்கத்துத் தோவாளைப் பூவைப் பார்த்துப் பழகிய உனக்கு இங்கே விற்கும் முழத்தின் விலையைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். அது போகட்டும். செவ்வாய்க்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போகப் போகிறேன். போகிற வழியில் வாயைத் திறக்கக் கூடாது என்று அவளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான், கேட்டியா. உங்கள் வீட்டு வண்டி மாசக்கணக்கில் நிற்கிறது, பேட்டரி இறங்கியிருக்கும். முதலில் மெக்கானிக்கை வரவழைத்துச் சார்ஜ் போடச் சொல். டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒட்டியிருக்கும், அதன்படி நிரப்பு. ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் எடு. வடசேரி சந்தைப் பக்கம் வேண்டாம், அந்த நேரம் லாரியில் காய்கறி இறக்குவார்கள். பார்வதிபுரம் பாலமும் இப்போது வேண்டாம். உங்கள் தெருவிலேயே ஹாஃப் கிளட்ச் பழகு, முதல் சில நாளைக்கு உன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்காரட்டும், ஆனால் பேசக்கூடாது. பிறகு ஒரு நாள் அவரை டீக்கடையில் இறக்கிவிட்டுவிட்டு ஒரு சுற்று போய் வா. முடிந்ததும் எனக்குப் போன் பண்ணு, வண்டியை ஓரமாக நிறுத்தி, அணைத்த பிறகு.

என்றும் உன்,
தோழி