ஓரத்தில் நிற்பவர்கள்

எங்கள் பாட்டியின் முகம் எஞ்சியிருப்பது, உறவினர் ஒருவரின் திருமணப் படத்தின் ஓரத்தில்தான். ஆகவே, படங்களை வெட்டும்போதெல்லாம் எங்கள் கண் முதலில் ஓரங்களுக்கே செல்கிறது.

எஸ்எல்ஆர் காமிராக்கள் பெரும்பாலும் 3:2 விகிதத்தில் படமெடுப்பவை. சட்டமிட்டு மாட்ட நாம் விரும்பும் 10×8 அங்குலத் தாளின் விகிதமோ 5:4. தாள் முழுதும் நிரம்ப வேண்டுமாயின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கை இழந்தாக வேண்டும். நடுவே இருப்பவர்களுக்குக் குறையொன்றுமில்லை. இருபுறமும் ஒதுங்கி நின்றவர்கள் மறைந்துபோகின்றனர். வெள்ளை விளிம்பு விட்டு அச்சிட்டால் அனைவரும் எஞ்சுவர். அழகு சற்றுக் குறையலாம், அவ்வளவே.

அளவைச் சுருக்குவதிலும் இழப்புண்டு. 1200×800 புள்ளிகளாய்ச் சுருக்கிய படம் திரையில் நிறைவாகவே தோன்றும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் அச்சிட்டால் 4 அங்குல அகலமே தேறும். 10×8 தாளுக்கு 3000×2400 வேண்டும். கழிந்த புள்ளிகளைப் பின்னர் பெரிதாக்கி மீட்கவியலாது.

எனவே மூலக்கோப்பைத் தொடாது வைத்து, நகலையே வெட்டுகிறோம். இன்று பெயர் தெரியாமல் ஓரத்தில் நிற்பவரை, நாளை ஒரு பேரப்பிள்ளை தேடி வரக்கூடும்.