வாவிக்கரைப் பாதையும் பின்பக்கத்துச் சத்தமும்

மட்டக்களப்பு வாவி வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கிழக்கே சூரியன் எழுகின்ற எழுவான்கரை. மேற்கே சூரியன் படுகின்ற படுவான்கரை. பெரிய ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பெரிய கடைகள் எல்லாம் மட்டக்களப்பு நகரத்துப் பக்கம். வயல், மாடு, குளம், காடு எல்லாம் படுவான்கரைப் பக்கம். ஆகவே படுவான்கரைப் பெண் ஒருத்திக்கு ஒரு கிளினிக் துண்டு இருந்தாலும், ஒரு வழக்குத் தவணை இருந்தாலும் வாவியைக் கடந்துதான் ஆகவேண்டும்.

அப்படிக் கடப்பதற்கு வாகனம் வேண்டும். அந்த வாகனம் நடுவழியில் நின்றுவிடாமல் இருக்கவும் வேண்டும். வாகனம் பழுதாவதற்கு முன்னர் பெரும்பாலும் ஏதோ ஒரு சத்தத்தால் நமக்குச் சொல்லிவிடுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிரித்தறிவது ஆண்களுக்கு மட்டும் உரிய வித்தை அல்ல என்பதை ஒரு நாள் பயணத்தில் கண்டேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

பெரும்போக அறுவடை முடிந்திருந்த நேரம். நாங்கள் போனது ஒரு பழைய டொல்பின் வானில். அதை ஓட்டியவர் அந்த வானுக்குச் சொந்தக்கார அக்கா. கணவரை யுத்தத்தில் இழந்தவர். பிள்ளைகளின் படிப்பும் வீட்டுச் செலவும் அந்த வானின் வாடகையில்தான் நடக்கின்றன. இரண்டு கிழமையாகப் பின்பக்கத்தில் "டொக்... டொக்..." என்று ஒரு சத்தம். நகரத்துக் கராஜ் ஒன்றில் காட்டியபோது, வானை ஓட்டிப் பார்க்காமலே, "ஸ்பிரிங் தகடு முழுக்க மாத்த வேணும், சொக் அப்சோபர் ரெண்டும் மாத்த வேணும்" என்று சொல்லிவிட்டார்களாம். அவருடைய ஒரு மாத வருமானம் அதற்குக் காணாது.

"எங்க இருந்து வருது எண்டு முதல்ல நாம கண்டுபிடிப்பம் தங்கச்சி. மறுகா காசைப் பாப்பம்" என்றார்.

நகரத்திலிருந்து மண்முனை வரை

புறப்படுமுன் வானின் பின்பக்கத்தை வெறுமையாக்கினோம். ஜக், ஸ்பனர், வெற்றுக் கலன்கள் எல்லாவற்றையும் வீட்டில் இறக்கி வைத்தோம். கீழே தொங்கும் ஸ்பெயார் சில்லின் சங்கிலியை இறுக்கினோம். பின்கதவின் பூட்டை ஆட்டிப் பார்த்தோம். பெரிய பழுது என்று பயப்படும் சத்தம் பல வேளைகளில் தளர்ந்து கிடக்கும் ஒரு ஜக்கின் சத்தமாகவே இருக்கும். பிறகு நான்கு சில்லுகளின் நட்டுகளையும் இறுக்கிப் பார்த்தோம். இது மிக முக்கியம். சில்லு சுற்றும் வேகத்துக்கு ஏற்பச் சத்தமும் கூடிக் குறைந்தால் அது தளர்ந்த நட்டாகவோ தேய்ந்த பெயாரிங்காகவோ இருக்கலாம். அப்படியானால் அந்த இடத்திலேயே நிறுத்திப் பார்க்கவேண்டும்.

கல்லடிப் பாலத்தால் போனோம். 1924ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலம் இருக்கிறது. பாலத்தின் இணைப்புகளில் இரண்டு பின் சில்லுகளும் ஒன்றாக ஏறி இறங்கின. சத்தம் வரவில்லை.

காத்தான்குடியில் வீதியின் நடுவே ஈச்ச மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே சனநெரிசல். அக்கா அடிக்கடி பிரேக் பிடித்தார், கியர் மாற்றினார். அப்போதும் சத்தம் இல்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பிரேக் பக்கம் பார்க்கவேண்டும். கியர் மாற்றிக் கிளம்பும்போதோ, பின்னுக்கு எடுக்கும்போதோ "டக்" என்றால் என்ஜினிலிருந்து பின் சில்லுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டின் மூட்டுகளைப் பார்க்கவேண்டும். இரண்டும் இல்லை என்று தெரிந்ததே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பக்கம் திரும்பினோம். முன்னர் இந்தத் துறையில் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையில்தான் ஆட்களும் வாகனங்களும் வாவியைக் கடந்தன. 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்ததை யாரும் மறக்கமாட்டோம். 2014இல் ஜப்பான் நாட்டு உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. இன்று சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடுகிறோம்.

கொக்கட்டிச்சோலையில் கிடைத்த விடை

பாலம் தாண்டிக் கிறவல் வீதிக்குள் இறங்கியதும் சத்தம் வந்துவிட்டது. வழியில் ஏற்றிக்கொண்ட பெரியம்மா ஒருவர் சீற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, "என்ன புள்ள சத்தம்?" என்று கேட்டார். ஷெல் சத்தத்துக்குப் பதுங்கி வாழ்ந்த உடம்பு அது. பின்னால் இருந்து வரும் எந்தச் சத்தத்துக்கும் முதலில் நடுங்கும். பிறகுதான் யோசிக்கும். "வானுக்குள்ளதான் பெரியம்மா, பயப்படாதீங்க" என்றேன்.

அக்கா வானை மெதுவாக்கினார். வலது பின் சில்லைப் பள்ளத்தில் இறக்கினார். சத்தம் இல்லை. இடது சில்லை இறக்கினார். "டொக்!" இன்னுமொரு தடவை. "டொக்!" அத்துடன் பாதி விடயம் முடிந்தது. பழுது இடது பக்கத்தில்.

தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மரநிழலில் நிறுத்தினோம். கைப்பிரேக் போட்டு, சில்லுகளுக்குக் கல் வைத்தோம். வாகனத்துக்குக் கீழே யாரும் போகவில்லை. ஜக்கில் மட்டும் நிற்கும் வாகனத்துக்குக் கீழே ஒருபோதும் போகக்கூடாது. நான் இடது பின்மூலையை இரண்டு கையாலும் அழுத்தி விட்டேன். அக்கா குந்தியிருந்து சொக் அப்சோபரின் கீழ்முனையில் விரலை வைத்தார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் விரலில் ஒரு தட்டு விழுந்தது. அந்த முனையில் இருக்கும் றப்பர் புஷ் தேய்ந்து, இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டிருந்தன. ஸ்பிரிங் தகடுகளில் வெடிப்பு இல்லை. தகடுகளை அச்சுடன் பிடித்திருக்கும் நட்டுகள் இறுக்கமாகவே இருந்தன.

பக்கத்தில் ஒரு சிறிய கராஜ். அங்கிருந்த தம்பி நாங்கள் சொன்னதைக் கேட்டு, தானும் பார்த்துவிட்டு, அந்த றப்பர் புஷ்ஷை மட்டும் மாற்றினார். நகரத்தில் சொன்ன தொகைக்குப் பக்கத்திலும் அது வரவில்லை.

அங்கிருந்து வெல்லாவெளி, மண்டூர் என்று போய்ப் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிக்குடிக்கு வந்தோம். வெல்லாவெளிப் பக்கம் மாலையானால் யானைப் பயம் உண்டு. அந்த வீதியில் இருட்டில் வான் நின்றால் என்ன ஆகும் என்று அங்குள்ள பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காது வைத்துக் கேட்பது

சத்தத்தைத் தேடுவது நமது வாவிக்குப் புதிதல்ல. கல்லடியில் நிலவுக் காலத்தில் நீருக்கடியிலிருந்து கேட்கும் இசையைப் பாடுமீன் என்கிறோம். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, தோணியின் பலகையில் காதை வைத்தபோது அந்த ஒலி மிகவும் கூடிக் கேட்டதாக எழுதியிருக்கிறார். மீனவர்கள் அது ஊரியின் சத்தம் என்று அவருக்குச் சொன்னார்கள். கராஜில் அனுபவமுள்ளவர்களும் இதையே செய்கிறார்கள். நீண்ட ஸ்குரூ டிறைவரின் ஒரு முனையை இரும்பிலும் மறுமுனையைக் காதருகிலும் வைத்துக் கேட்கிறார்கள். தோணியானாலும் வானானாலும் முறை ஒன்றுதான்.

வாடகைக்கு வான் அல்லது ஆட்டோ வைத்திருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். கராஜுக்குப் போகுமுன் நான்கு விடயங்களைக் கவனித்து ஒரு தாளில் எழுதுங்கள். சத்தம் பள்ளத்திலா, பிரேக்கிலா, கிளம்பும்போதா? வலமா, இடமா? வெறுமையாகவா, ஆட்களுடனா? மழைக்குப் பின் கூடுகிறதா? பிறகு மெக்கானிக்கை உங்களுடன் ஏற்றிச் சிறிது தூரம் ஓடிக் காட்டுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். வாவிக்காற்றும் கடற்காற்றும் உப்புக் காற்று. கீழிரும்பை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள்.

நம்மில் பலர் சத்தத்தைக் கேட்டதும் ஓடப் பழகியவர்கள். அன்று அந்த ஓட்டம்தான் நம் உயிரைக் காத்தது. இன்று நம் வாகனத்திலிருந்து ஒரு சத்தம் வந்தால், நின்று, குனிந்து, கையை வைத்து, இது எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். எங்கிருந்து என்று தெரிந்துவிட்டால் பயமும் குறைகிறது, செலவும் குறைகிறது.