ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

என் இளைய மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்த அன்றே எங்கள் இல்லத்தில் விவாதம் தொடங்கிவிட்டது. அப்பள்ளியில் ஐந்துக்கு மேல் வகுப்பில்லை. இனி எங்கே சேர்ப்பது?

நாங்கள் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக ஒரகடத்தில் குடியேறியவர்கள். என் கணவர் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்திற்கு ரெனோ-நிசான் ஆலை வந்தது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் வாடகை வீடுகளால் நிறைந்தன. எங்களைப் போன்று வந்தேறியவர்களுக்கு, எந்தப் பள்ளி எப்படி என்று எடுத்துச் சொல்ல உற்றார் உறவினர் அருகில் இல்லை. வேன் வந்து வாசலில் நிற்கும் தனியார் பள்ளியே சிறந்தது என்று பலரும் முடிவு செய்துவிடுகின்றனர். என் கணவரும் அவ்வாறே எண்ணினார்.

"கடன் வாங்கியாவது மெட்ரிகுலேஷனில் சேர்த்துவிடலாம்" என்றார்.

நான் அவரிடம் ஒரு கணக்கைச் சொன்னேன். 2020-ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கியது. 2022-இல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கப்பட்டபோது, உயர்கல்வி பயிலும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் பெறுவதற்கு வைத்த நிபந்தனையும் ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்கியது. ஆக, இந்த ஆண்டு நாம் எடுக்கும் முடிவு ஓராண்டுக்கு உரியதன்று. அவர் யோசித்துப் பார்த்து, "சரி, பார்த்துவிட்டு வா" என்றார்.

சேர்ப்பதற்கு ஏற்ற தொலைவில் இரண்டு அரசு நடுநிலைப்பள்ளிகள் இருந்தன. இரண்டிலும் எட்டாம் வகுப்பு வரை உண்டு.

முதற்பள்ளி எங்கள் வீட்டுப் பக்கமே. புது வண்ணம், சுற்றுச்சுவர், வகுப்பறையில் பெரிய திரை. பார்த்தவுடன் மனம் நிறைந்தது. ஆனால் மாணவியர் கழிப்பறை பூட்டியிருந்தது. தண்ணீர் வருவதில்லை என்றார்கள். வயதுக்கு வரவிருக்கும் பெண்பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு அந்தப் பூட்டு, சுவரின் வண்ணத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

இரண்டாம் பள்ளி சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலைக்கு அப்பால். பழைய கட்டடம். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை அறிவியலுக்கும் கணக்கிற்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் எனக் குறைந்தது மூன்று ஆசிரியர் வேண்டும் என்கிறது. கேட்டேன். "சமூக அறிவியலுக்கு ஆள் இல்லை, நானே நடத்துகிறேன்" என்று தலைமை ஆசிரியை மறைக்காமல் சொன்னார். கழிப்பறையில் குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் வந்தது.

இரு பள்ளிகளிலும் நான் கடைசியாகக் கேட்ட கேள்வி ஒன்றே: "சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் இப்போது எங்கே படிக்கிறார்கள்?"

இக்கேள்வி என் சொந்தக் காயத்திலிருந்து பிறந்தது. நான் எட்டோடு நின்றவள். எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளி எட்டோடு முடிந்தது. உயர்நிலைப்பள்ளி பக்கத்து ஊரில் இருந்தது. வாப்பா, படிக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. "பஸ்ஸில் தனியாக எப்படிம்மா போவாய்?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்கும் விடை தெரியவில்லை. பள்ளியிலிருந்தும் யாரும் வந்து கேட்கவில்லை. மாற்றுச் சான்றிதழ் நெடுநாள் உம்மாவின் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

முதற்பள்ளியில், "சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், எங்காவது சேர்ந்திருப்பார்கள்" என்றனர். இரண்டாம் பள்ளியில் தலைமை ஆசிரியை மேசை இழுப்பறையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் எதிரில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்த பள்ளி எழுதப்பட்டிருந்தது. ஒரு பெயருக்கு எதிரில் மட்டும் ஒன்றுமில்லை.

"இவள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு முறை போய்ப் பேசிவிட்டேன். மறுபடியும் போக வேண்டும்" என்றார்.

வீட்டிற்கு வந்து, இரண்டாம் பள்ளிதான் என்று சொல்லிவிட்டேன்.

"அந்தச் சாலையை யோசித்தாயா?" என்றார் என் கணவர். யோசிக்காமல் இல்லை. கன்டெய்னர் லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் இடைவிடாது ஓடும் சாலை அது. ஷிப்ட் முடியும் நேரத்தில் பெரியவர்களே கடக்க அஞ்சுவார்கள். இரவு ஷிப்ட் வாரங்களில் காலையில் திரும்பி வந்ததும் அவரும், மற்ற வாரங்களில் நானும் கூடவே போய்க் கடத்திவிடுவது என்று பேசி முடித்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த முறை குழு அமைக்கும்போது என் பெயரையும் கொடுத்து, அந்த இடத்தில் வேகத்தடை கேட்டு மனுப்போட எண்ணியிருக்கிறேன்.

மற்றொரு சிக்கலும் எழுந்தது. பள்ளி விட்டு அவள் வீடு சேர்வதற்குள் மதரஸா பாதி முடிந்துவிடுகிறது. உஸ்தாதின் வீட்டாரிடம் போய் நிலைமையைச் சொன்னேன். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் மஃரிபுக்குப் பின் தம் வீட்டிலேயே ஓதிக் கொடுப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். இப்போது அங்கே ஏழு பிள்ளைகள் ஓதுகிறார்கள்.