பழைய போனும் புது மென்பொருளும்

நல்ல நிலையில் இருக்கும் ஒரு பொருளைத் தூக்கிப் போட எங்கள் தலைமுறைக்கு மனம் வருவதில்லை. எங்கள் வீட்டில் அம்மியும் கிடக்கிறது, ஆட்டுரலும் கிடக்கிறது. என் செல்போனும் அந்த வரிசைதான். 2019-ல் வாங்கியது. திரையில் ஒரு கீறல் கிடையாது. பாட்டரி மட்டும் ஒரு தடவை தென்காசியில் மாற்றினேன். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தபடியே பல குற்றால சீசன்களைப் பார்த்துவிட்டது. பேச்சு தெளிவாகக் கேட்கிறது. படமும் நன்றாக எடுக்கிறது.

ஆனால் அதைச் செய்த கம்பெனி 2021-க்குப் பிறகு அதற்கு ஒரு அப்டேட்கூட அனுப்பவில்லை. சமீபத்தில் வங்கிச் செயலியும், "உங்கள் போனில் உள்ள ஆண்ட்ராய்டு பழையது, விரைவில் இதில் இயங்காது" என்று முன்னறிவிப்பு கொடுத்துவிட்டது. பென்ஷன் வந்து விழுகிற கணக்கு அது. சும்மா விட முடியுமா?

என் தங்கை மகன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். மத்தளம்பாறைக்கு ஸோஹோ வந்த பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஊரை விட்டுப் போகாமலே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள் அல்லவா, அவனும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"மாமா, போன்ல ஒரு குறையும் இல்ல. கம்பெனிக்காரன் கைவிட்டுட்டான், அவ்வளவுதான். லீனியேஜ் ஓஎஸ்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா உங்க போன் புது ஆண்ட்ராய்டுக்கு வந்துரும். ஞாயித்துக்கிழமை வந்து போட்டுத் தரட்டுமா?"

"ஒரு வாரம் பொறுடே, படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். அந்த ஒரு வாரம் ஒரு மாதம் ஆயிற்று. படித்ததையும், கடைசியில் என்ன முடிவு செய்தேன் என்பதையும் எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டிலும் இதே மாதிரி ஒரு போன் இருக்கும்.

ஆண்ட்ராய்டை வெளியிடுவது கூகுள். அதன் அடிப்படை நிரல் எல்லோரும் பார்க்கவும் மாற்றவும் திறந்து வைக்கப்பட்டது. போன் கம்பெனிகள் அதை எடுத்துத் தங்கள் கருவிக்கு ஏற்றபடி மாற்றிப் போட்டு விற்கின்றன. 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. அடுத்த வருஷமே ஆர்வலர்கள் சயனோஜென்மாட் என்ற பெயரில் தாங்களே மாற்றி அமைத்த ஆண்ட்ராய்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு அதை வைத்து ஒரு கம்பெனியும் தொடங்கினார்கள். 2016 டிசம்பரில் அந்தக் கம்பெனி அந்தச் சேவையை நிறுத்தியது. தன்னார்வலர்கள் உடனே அதே நிரலை எடுத்து, லீனியேஜ் ஓஎஸ் என்று பெயர் வைத்துத் தொடர்ந்தார்கள். இன்றும் நடக்கிறது. கம்பெனிகள் கைவிட்ட எத்தனையோ போன்களுக்கு உலகத்தின் எந்த மூலையிலோ ஒருவர், சம்பளம் இல்லாமல், ராத்திரி உட்கார்ந்து வேலை செய்து கொடுக்கிறார்.

காலை நடையில் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், "நம்ம சென்னை ஐ.ஐ.டி.யே பாரோஎஸ்னு ஒண்ணு செஞ்சிருக்காங்களே, அதைப் போடலாமே" என்றார். நல்ல கேள்வி. பாரோஎஸ் 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கியது. மத்திய அமைச்சர்கள் அஸ்வினி வைஷ்ணவும் தர்மேந்திர பிரதானும் அதைச் சோதித்துப் பார்த்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. அதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த நிரலை அடிப்படையாகக் கொண்டதுதான். வேண்டாத செயலிகளை முன்கூட்டியே திணிக்காமல் கொடுப்பது அதன் சிறப்பு. ஆனால் ரகசியமும் பாதுகாப்பும் கூடுதலாகத் தேவைப்படும் அமைப்புகளுக்காக என்றுதான் அப்போதே சொன்னார்கள். நானும் நீங்களும் இறக்கிப் பழைய போனில் போட்டுக்கொள்வதற்காக அல்ல.

நான் தொலைபேசித் துறையில் இருந்தவன். சுற்றுவட்டாரத்து ஊர் ஒன்றில் சி-டாட் செய்த 128 இணைப்புச் சின்ன எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்திருக்கிறேன். ஏ.சி. இல்லாமல், நம் ஊர் வெயிலிலும் புழுதியிலும் ஓடிய இயந்திரம் அது. பிறகு பெரிய எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுக்கு மாறினேன். அங்கே மென்பொருள் மாற்றும் வேலை என்றால் நடுராத்திரியில்தான் செய்வோம். தொடங்குவதற்கு முன் மூத்த அதிகாரி மூன்று கேள்விகள் கேட்பார். பழையதற்கு நகல் இருக்கிறதா? கெட்டுப்போனால் திரும்பி வர வழி இருக்கிறதா? நாளைக்கு நீ லீவில் போனால் இதைப் பார்க்க ஆள் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் இல்லாமல் யாரும் கை வைக்க முடியாது.

அந்த மூன்று கேள்விகளையும் என் போனுக்குக் கேட்டுப் பார்த்தேன்.

முதலாவது, நகல். வேறு மென்பொருள் போட வேண்டும் என்றால் முதலில் பூட்லோடர் என்ற பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த உடனே போனில் உள்ளது அத்தனையும் அழிந்துவிடும். திருடன் கையில் போன் சிக்கினால், பூட்டைத் திறந்து நம் படங்களையும் கடிதங்களையும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே பேரப்பிள்ளைகளின் படங்கள், போன் எண்கள், வாட்ஸாப் பேச்சு எல்லாவற்றையும் முன்னதாக வேறு இடத்தில் எடுத்து வைக்க வேண்டும். அது கஷ்டமான வேலை இல்லை.

இரண்டாவது, திரும்பி வரும் வழி. கம்பெனியின் பழைய மென்பொருள் கிடைத்தால் திரும்பப் போடலாம். ஆனால் நடுவில் தவறான கோப்பை ஏற்றிவிட்டால் போன் எழுந்திருக்காமலே போகலாம். பிள்ளைகள் அதை "செங்கல் ஆயிட்டு" என்பார்கள். அரிதுதான். என்றாலும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது.

இதற்கு நடுவில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் வீட்டு மின் மீட்டரில் வாரியம் ஒரு சீல் வைத்திருக்கும். அந்த சீல் உடைந்திருந்தால், உள்ளே மீட்டர் சரியாகவே ஓடினாலும், கணக்கெடுக்க வருகிறவர் நம்ப மாட்டார். பூட்லோடர் பூட்டும் அப்படிப்பட்ட சீல்தான். போன் ஒவ்வொரு முறை எழும்போதும், உள்ளே இருப்பது கம்பெனி கையெழுத்திட்ட மென்பொருள்தானா என்று சரிபார்க்கும். வங்கிச் செயலிகளில் பலவும் கூகுளின் சோதனை வழியாக அந்த சீலைப் பார்க்கின்றன. உடைந்திருந்தால் சில செயலிகள் ஓடும், சில ஓடாது. இன்று ஓடுவது நாளைக்கு நிற்கலாம். சீல் உடையாத மாதிரி நடிக்க வைக்கும் வித்தைகளும் உண்டாம். பென்ஷன் பணம் இருக்கும் கணக்கை ஒரு வித்தையை நம்பி வைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். புது மென்பொருள் போட்டால் எல்லாமே புதிதாகிவிடாது. சிப்பை ஓட்டும் உள் மென்பொருளைச் சிப் கம்பெனியும் போன் கம்பெனியும்தான் திருத்த முடியும். அவர்கள் நிறுத்திவிட்டால் அது பழையதாகவே இருக்கும். வீட்டுக்கு வெள்ளையடித்து, வாசல் கதவுக்குப் புதுப் பூட்டும் போட்டாலும், கிணற்று மோட்டார் பழையதுதான் என்பது போல.

அதற்காகப் பழைய மென்பொருளோடு சும்மா இருப்பது பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. 2015 ஆகஸ்டிலிருந்து கூகுள் மாதாமாதம் ஆண்ட்ராய்டில் கண்டுபிடித்த ஓட்டைகளையும் அவற்றுக்கான திருத்தங்களையும் வெளியிடுகிறது. 2021-க்குப் பிறகு வந்த ஒன்றும் என் போனுக்கு வரவில்லை. ஓட்டை எங்கே என்று ஊருக்கெல்லாம் தெரியும், என் வீட்டில் மட்டும் அடைக்கப்படவில்லை. எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதிலும் ஆபத்து உண்டு.

மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நான் இல்லாதபோது யார் பார்ப்பார்கள்?

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. மின் கட்டணம், கேஸ், பால்காரர், மருந்துக் கடை எல்லாம் இந்த ஒரு போனில்தான் நடக்கிறது. எனக்கு ஒன்று ஆனால் வீட்டம்மாதான் இதைக் கையில் எடுக்க வேண்டும். போன் மக்கர் செய்தால் அவள் பஜாரில் ஏதாவது ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கம்பெனி மென்பொருள் என்றால் கடைக்காரப் பையன் பார்த்துக் கொடுப்பான். லீனியேஜ் என்றால், "இது என்னம்மா புதுசா இருக்கு, போட்டவங்ககிட்டயே கொண்டு போங்க" என்பான். போட்டவன் அன்றைக்கு எங்கே இருப்பானோ? இன்று பக்கத்து ஊரில் இருக்கும் மருமகன் அடுத்த வருஷம் வெளிநாட்டில் இருக்கலாம். எங்கோ இருந்து நம் போனைப் பராமரிக்கும் அந்தத் தன்னார்வலருக்கும் வேலை, குடும்பம் உண்டு. ஒருநாள் அவரும் நிறுத்தலாம்.

அவளிடமே கேட்டேன். "எனக்கு அந்த ரூவா அனுப்புத பட்டன் எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும். அதை மட்டும் மாத்திராதீங்க" என்றாள். ஒரு மாதப் படிப்பில் எனக்குக் கிடைக்காத தெளிவு அந்த ஒரு பதிலில் கிடைத்தது.

அதன் பிறகு ஒரு நோட்டை எடுத்து, இந்தப் போனில் நாங்கள் என்னென்ன செய்கிறோம் என்று எழுதினேன். பதினான்கு வந்தது. கச்சேரி கேட்பது, செய்தித்தாள் படிப்பது, புத்தகம் படிப்பது, அருவியில் குளிக்கத் தடை உண்டா என்று பார்ப்பது, மகளிடம் முகம் பார்த்துப் பேசுவது, இப்படிப் பதினொன்றுக்கு வங்கியோடு சம்பந்தமே இல்லை. சீல் முக்கியமானவை மூன்றே மூன்று. வங்கிச் செயலி, யுபிஐ, வருடத்துக்கு ஒரு முறை கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழ்.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் தொடங்கியது. முகத்தைக் காட்டியே பதிவு செய்யும் வசதி 2021 நவம்பரில் வந்தது. போனில் செய்ய முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கட்டணம் வாங்கிக்கொண்டு தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது.

ஆகவே முடிவு இதுதான். பணம் சம்பந்தப்பட்ட மூன்றுக்கும் விலை அதிகமில்லாத ஒரு புதுப் போன். வாங்கும்போது கேமரா எத்தனை என்று கேட்கவில்லை. எத்தனை வருஷம் அப்டேட் கொடுப்பீர்கள் என்றுதான் கேட்டேன். கடைக்காரர் விழித்தார். பிறகு பெட்டியையும் கம்பெனி அறிவிப்பையும் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். இப்போது சில கம்பெனிகள் ஆறு, ஏழு வருஷம் வரை உறுதி கொடுக்கின்றன. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் கிடைக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. அந்தப் போனில் வேறு எதையும் ஏற்றவில்லை. பட்டன்கள் எங்கே இருக்கின்றன என்று வீட்டம்மாவும் பழகிக்கொண்டாள்.

பழைய போனுக்கு லீனியேஜ். சிம்மைக் கழற்றிவிட்டு, வங்கிச் செயலியை நீக்கிவிட்டு, படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகுதான் மருமகன் கையில் கொடுத்தேன். மடிக்கணினியையும் யூஎஸ்பி வயரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். என் போனின் மாடல் பெயரும் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று இரண்டு பேரும் வாய்விட்டுப் படித்தோம். அந்த லீனியேஜின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய கோப்பு மட்டும்தான். வேறு யாரோ அனுப்பிய கோப்பு கிடையாது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. போன் எழுந்ததும் எனக்குப் பழைய எக்ஸ்சேஞ்ச் ராத்திரிகள் ஞாபகம் வந்தன.

இப்போது அது வீட்டு வைஃபையில் ஓடுகிறது. வேகம் கூடியிருக்கிறது. கேமரா முன்பு போல இல்லை, கொஞ்சம் மங்கல்தான். காலையில் அதில் நாகஸ்வரம் கேட்கிறது, மத்தியானம் நான் புத்தகம் படிக்கிறேன்.

நம் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு கல்வெட்டு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். பின்னால் இந்தக் கோயிலுக்குப் பழுது வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் தான் இப்போதே விழுந்து வணங்குவதாகச் சொல்கிறது அது. இடிந்து கிடந்த ராஜகோபுரம் 1990-ல் திரும்ப எழுந்தபோது அதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. கட்டுகிறவனைவிடக் காக்கிறவனுக்குப் பெருமை கொடுத்த ஊர் இது. முகம் தெரியாத யாரோ ஒருவர் என் பழைய போனுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பதை நினைக்கும்போது அந்தக் கல்வெட்டுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

உங்கள் பிள்ளைகளோ பேரனோ "போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டால் உடனே வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள், சரி என்றும் சொல்லாதீர்கள். அந்தப் போனில் நீங்கள் செய்வதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பணம் எதில் என்று ஒரு கோடு போடுங்கள். பிறகு, உங்களுக்குப் பின் அந்தப் போனைக் கையில் எடுக்கப் போகிறவரிடம் அந்தத் தாளைக் காட்டி ஒரு வார்த்தை கேளுங்கள்.